கையெழுத்து வைக்கும் முன் அந்த ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி மாதம் என்றால் ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அடுத்த வருடப் பாடத் தெரிவு வந்து நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், 9 ஆம் வகுப்பில் படிக்கும் என் பெறாமகள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "பெரியம்மா, அம்மாவை இதில ஓம் எண்டு போடச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் குடுக்கவேணும்." தங்கை கையைத் துடைத்துக்கொண்டு, "நீ பார்த்துப் போட்டால் சரி பிள்ளை" என்று விரலை வைக்கப் போனாள். நான் அந்தப் போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு முதல் இதே போல ஒரு தாளில் ஒன்றும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தவள் நான். அந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்தேன். இந்த மாதம் எழுதினால் யாராவது ஒரு வீட்டுக்குப் பயன்படும்.

நாங்கள் 1998 இல் ஸ்காபரோவுக்கு வந்தோம். மகனுக்கு அப்போது ஏழு வயது. 2005 மாசியில் அவன் 8 ஆம் வகுப்பு. கணவர் இரவில் ஒரு உணவகச் சமையலறையில் நின்றார், நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை, விடிய ஆறு மணிக்கு பஸ் எடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து மகன் கொண்டுவந்த தாளில் கணிதத்துக்கு 'அக்கடமிக்' என்றும் ஆங்கிலத்துக்கு 'அப்ளைட்' என்றும் வகுப்பு ஆசிரியர் ஏற்கெனவே அடையாளம் போட்டிருந்தார். "அப்ளைட் எண்டால் என்ன தம்பி?" என்று கேட்டேன். "பிரக்டிகலாப் படிக்கிறதாம் அம்மா, மார்க்ஸ் கூட வருமாம்" என்றான்.

எனக்கு அந்தச் சொல் நல்ல சொல்லாகத்தான் பட்டது. ஊரில் உயர்தரத்தில் எங்கள் காலத்தில் தூய கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டு பாடம். பிரயோக கணிதத்துக்கு ஆங்கிலத்தில் அப்ளைட் மத்ஸ். அதைப் படித்தவர்கள்தான் பொறியியல் பீடத்துக்குப் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்ளைட் மத்ஸில் 'ஏ' எடுத்த அண்ணா ஒருவரை ஊரே கொண்டாடியது. அந்த நினைவோடு, 'அப்ளைட் ஆங்கிலம்' என்றால் ஏதோ மேலான ஆங்கிலம் என்று நம்பிக் கையெழுத்து வைத்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. ஊரில் ஆசிரியர் அடையாளம் போட்டால் அது முடிந்த காரியம்.

2008 ஐப்பசியில்தான் விளங்கியது. மகன் 12 ஆம் வகுப்பு, கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல், பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கவேண்டும் என்று நின்றான். கைடன்ஸ் ரீச்சரிடம் (பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் ஆசிரியரிடம்) போனவன் பின்னேரம் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றான். "அம்மா, என்ர இங்கிலிஷ் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாதாம்." அவன் எடுத்துக்கொண்டிருந்த பாடத்தின் குறியீடு ஈ.என்.ஜி.4.சி. பல்கலைக்கழகங்கள் கேட்பது ஈ.என்.ஜி.4.யூ. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்.

அந்த எழுத்துகளைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன். பாடக் குறியீட்டில் முதல் மூன்று எழுத்தும் பாடத்தின் பெயர். ஈ.என்.ஜி. என்றால் ஆங்கிலம். நாலாவதாக வரும் இலக்கம் வகுப்பு: 1 என்றால் 9 ஆம் வகுப்பு, 4 என்றால் 12 ஆம் வகுப்பு. ஐந்தாவது எழுத்துத்தான் பிள்ளை எந்தப் பாதையில் போகிறது என்பதைச் சொல்வது. 10 ஆம் வகுப்பில் 'டி' (D) என்றால் அக்கடமிக், 'பி' (P) என்றால் அப்ளைட். 11, 12 ஆம் வகுப்புகளில் 'யூ' பல்கலைக்கழகத்துக்கு, 'சி' கொலிஜுக்கு (இங்கே கொலிஜ் என்பது பெரும்பாலும் தொழில் சார்ந்த டிப்ளோமா படிக்கும் இடம்), 'ஈ' நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கு. 11 இல் யூ எடுக்க 10 இல் அக்கடமிக் படித்திருக்க வேண்டும். 12 இல் யூ எடுக்க 11 இல் யூ முடித்திருக்க வேண்டும். அப்ளைட் படித்த பிள்ளைக்கு 11 இல் சி, 12 இல் சி. ஒவ்வொன்றும் முன்னையதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 13 வயதில் போட்ட அடையாளம் 17 வயதில் வந்து குறுக்கே நிற்பது இப்படித்தான்.

யூ எழுத்துப் போட்ட ஆங்கிலத்தைக் கொலிஜ்களும் ஏற்கும். சி எழுத்துப் போட்டதைப் பல்கலைக்கழகம் ஏற்காது. என்னோடு வேலை செய்யும் பிள்ளை ஒருத்திக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. அவள் நேர்ஸ் ஆக விரும்பி வந்தவள். இங்கே கொலிஜில் டிப்ளோமா படித்து வரும் நேர்ஸுக்கு 12 ஆம் வகுப்பு சி ஆங்கிலம் போதும். பட்டப்படிப்பு படித்து வரும் நேர்ஸுக்கு யூ வேண்டும். இரண்டு பேரும் ஒரே வார்ட்டில்தான் நிற்பார்கள், ஆனால் பொறுப்பும் சம்பளமும் வேறு. அவள் அதை 24 வயதில் அறிந்தாள்.

கொலிஜைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் சனத்திடம் அந்தக் குணம் நிறைய இருக்கிறது, எனக்கு அதில் கோபம் உண்டு. மின்சார வேலை, பல் சுகாதாரம், கணினி வலையமைப்பு என்று கொலிஜில் படித்துவிட்டு நல்ல நிலையில் இருக்கிற எத்தனை பிள்ளைகளை எனக்குத் தெரியும். 12 ஆம் வகுப்பு சி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும், ஒரு விடயத்தைச் சுருக்கிச் சொல்லவும் பழக்குகிறார்கள். அது வாழ்க்கைக்கு வேண்டிய படிப்பு. பிள்ளை தெரிந்து, விரும்பி, சி எடுத்தால் மனமார வாழ்த்துங்கள். தெரியாமல் அதற்குள் போய் விழுவதைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

மகனின் கதைக்கு வருகிறேன். அவன் 2009 ஆனியில் தன் வகுப்புப் பிள்ளைகளோடு பட்டமளிப்பு மேடையில் ஏறினான், ஆனால் அடுத்த வருடம் அவர்களோடு போகவில்லை. அந்தக் கோடையில் 10 ஆம் வகுப்பு அக்கடமிக் ஆங்கிலம், 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் 18 வயதில் இருந்து படித்தான். பிறகு 11 யூ, பிறகு 12 யூ. ஒரு பாடம் முடித்தால் கிடைக்கும் ஒரு கிறெடிற்றுக்கு 110 மணித்தியாலம். மூன்று பாடம், ஒரு முழு வருடம்.

அதே 2009 சித்திரை, வைகாசியில், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ரொறன்ரோவின் யூனிவேர்சிற்றி அவெனியூவில் இரவு பகலாக நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். என் தங்கையின் குடும்பம் அந்த நேரம் முல்லைத்தீவுக் கரையில். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாத நாட்கள். மகன் பள்ளிக்கூடம் முடிய நேரே அங்கே போவான். ஒருநாள் நானும் போய் நின்றேன். வேலை முடித்துப் போகிற வெள்ளைக்காரர் ஒருவர் எரிச்சலோடு ஏன் தெருவை மறிக்கிறீர்கள் என்று கேட்டார். மகன் அவரோடு பத்து நிமிடம் கதைத்தான். சத்தம் போடவில்லை. எங்கே என்ன நடக்கிறது, தன் சித்தி எங்கே, கனடா என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அந்த மனிசன் கடைசியில் தொப்பியைக் கழற்றி அவன் கையைப் பிடித்துவிட்டுப் போனார். எனக்கு அவன் பேசிய ஆங்கிலம் முழுக்க விளங்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஆழமான ஆங்கிலம் சரிவராது என்று 13 வயதில் முடிவெடுத்தவர்கள் என்ன பிழை விட்டார்கள் என்று மட்டும் நன்றாக விளங்கியது. அதற்குக் கையெழுத்து வைத்தவள் நான் என்பதும் விளங்கியது.

அவன் 12 யூ ஆங்கிலத்தில் 78 எடுத்தான். 2010 புரட்டாதியில் பல்கலைக்கழகம் போனான். இன்று அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு வருடம், நண்பர்கள் எல்லாம் போன பிறகு அவன் தனியே வின்ரர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்கே நடந்த அந்த வருடம், என் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 9 ஆம் வகுப்பில் பிள்ளைகளை இப்படிப் பிரிப்பதை ஒன்ராறியோ அரசு நிறுத்திவிட்டது. 2021 இல் கணிதத்தில் தொடங்கி, 2022 இல் 9 ஆம் வகுப்பு முழுவதற்கும் வந்தது. 9 ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் புதிய பாடத்திட்டம் 2023 புரட்டாதியில் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் அளவுக்கு மிஞ்சி அப்ளைட் பக்கம் தள்ளப்பட்டார்கள் என்பதை அரசே ஒப்புக்கொண்டுதான் இதைச் செய்தது. நல்ல மாற்றம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, "இப்ப எல்லாரும் ஒண்டுதானே" என்று பெற்றோர் சும்மா இருக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 10 ஆம் வகுப்பில் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. முன்பு 8 ஆம் வகுப்பு மாசியில் வந்த கேள்வி இப்போது 9 ஆம் வகுப்பு மாசியில் வருகிறது, அவ்வளவுதான். போன ஞாயிறு என் பெறாமகளின் போனில் இருந்ததும் அதுதான். ஈ.என்.ஜி.2 என்பதற்குப் பக்கத்தில் 'பி'. "ஏன் பிள்ளை?" என்று கேட்டால், "சிநேகிதி அதைத்தான் போட்டவள்" என்கிறாள்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரும் பிள்ளைகளின் வழி வேறு. அதைப் பற்றியும் எங்கள் ஆட்களிடம் பிழையான எண்ணம் இருக்கிறது. தங்கை குடும்பம் 2022 இல் முல்லைத்தீவிலிருந்து வந்தது. மூத்த பெறாமகனுக்கு அப்போது 15 வயது. வயதுப்படி 10 ஆம் வகுப்பு. ஆனால் ஆங்கிலத்துக்கு முதலில் ஒரு மதிப்பீடு வைத்தார்கள்: வாசிக்க, எழுத, கதைக்க. அதன் பிறகு ஈ.எஸ்.எல். பாடத்தில், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பாடத்தில், இரண்டாம் படியில் விட்டார்கள். ஈ.எஸ்.எல். ஏ, பி (B), சி, டி, ஈ என்று ஐந்து படி. இந்த எழுத்துகள் படியை மட்டும் குறிப்பவை, மேலே சொன்ன பாதை எழுத்துகள் இல்லை. அதற்கு வகுப்புக் கணக்கு இல்லை. 14 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் ஒரே படியில் இருக்கலாம்.

தங்கைக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "அவன் ஊரில இங்கிலிஷில வகுப்பில முதலாம் பிள்ளை அக்கா. இஞ்ச கொண்டுவந்து 'பி' இல விட்டிருக்கினம்" என்று அழுதாள். உண்மைதான், அவன் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவன். செயப்பாட்டு வினையாக மாற்று என்றால் பத்து வசனத்தையும் பிழையில்லாமல் மாற்றுவான். ஆனால் ஆசிரியர் கதைக்கிற வேகத்தில் குறிப்பு எடுக்கவோ, ஒரு கதையை வாசித்துவிட்டுத் தன் கருத்தை எழுதவோ அவனை ஒருவரும் பழக்கவில்லை. அவனை அங்கிருந்து எடுத்து நேரே வழமையான ஆங்கில வகுப்பில் போடும்படி பள்ளிக்கூடத்தில் சண்டை பிடிக்கப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று மறித்தேன்.

மறித்ததற்குக் காரணம் உண்டு. உயர்பள்ளிச் சான்றிதழுக்கு வேண்டிய 30 கிறெடிற்றில் நாலு ஆங்கிலம் கட்டாயம். அந்த நாலில் மூன்றுக்கு ஈ.எஸ்.எல். பாடங்களைக் கணக்கில் எடுக்கலாம். நாலாவது மட்டும் 12 ஆம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடமாக இருக்கவேண்டும். ஆகவே ஈ.எஸ்.எல். படித்த நாட்கள் வீண் நாட்கள் இல்லை. பிள்ளைக்குக் கிறெடிற்றும் வருகிறது, அடித்தளமும் வருகிறது. பள்ளிக்கூடத்தில் 21 வயது வரை படிக்கலாம், ஆகவே நாலு வருடத்தில் முடித்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. பெறாமகன் இரண்டு வருடத்தில் பி முதல் ஈ வரை நாலு படியையும் முடித்தான். போன செமஸ்ரரில் 10 ஆம் வகுப்பு அக்கடமிக். இந்த மாதம் 11 யூ தொடங்கியிருக்கிறான். ஒரு வருடம் கூட இருந்து 12 யூ முடித்துவிட்டுப் போவான். அவனுக்கு இதில் வெட்கம் இல்லை. தாய்க்குத்தான் இருந்தது. இப்போது அவளுக்கும் குறைந்துவிட்டது.

ஈ.எல்.டி. என்று இன்னொன்றும் இருக்கிறது. படிப்பு இடையில் அறுந்துபோன பிள்ளைகளுக்கானது அது. போர் முடிந்த பிறகு வந்த வன்னிப் பிள்ளைகளில் சிலர் மூன்று நாலு வருடம் பள்ளிக்கூடமே காணாதவர்கள். மரத்துக்குக் கீழே, பங்கருக்குப் பக்கத்தில், பிறகு முகாமில் என்று படித்தவர்கள். அப்படி ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனை அவன் தகப்பன் "மொக்கனுகளின்ர வகுப்பில விட்டிட்டாங்கள்" என்று ஏசினார். அந்த வகுப்பில் ஆங்கிலத்தோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிப்பது என்பதையே திரும்பத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். போர் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க எடுக்கும் முயற்சி அது. அந்தத் தகப்பன் இதை வாசிப்பாராக இருந்தால் நல்லது.

11 ஆம் வகுப்பு ஆங்கிலம் பற்றியும் ஒரு சொல். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2023 மாசியில் எடுத்த முடிவின்படி, அதன் பள்ளிகளில் 11 ஆம் வகுப்பு ஆங்கிலமாகக் கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடி மக்கள், மெட்டி, இனுவிட் மக்களின் எழுத்துகளைப் படிக்கும் பாடம் வருகிறது. குறியீடு என்.பி.ஈ. என்று தொடங்குவதால், "இது இங்கிலிஷ் இல்லை, பல்கலைக்கழகம் எடுக்காது" என்று கோயிலில் ஒரு தாய் என்னிடம் பயந்து கேட்டார். பயப்பட ஒன்றும் இல்லை. இது 11 ஆம் வகுப்பு ஆங்கிலத்தின் இடத்தில் வரும் பாடம், இதிலும் யூ, சி, ஈ இருக்கிறது, இதன் யூவிலிருந்து 12 யூவுக்குப் போகலாம். என்னைக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் இதை ஆர்வத்தோடு படிக்கவேண்டும். இந்த மண்ணில் 150,000 க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டு, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். மொழிக்காக அடி வாங்கிய சனத்தின் கதை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கப் போகிறது?

இன்னொரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 12 யூ ஆங்கிலத்தில் புள்ளி குறைந்தால் காசு கட்டித் தனியார் இடத்தில் அதே கிறெடிற்றை எடுக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் வந்திருக்கிறது. எல்லா இடமும் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வாரத்தில் 95 என்று யாராவது உத்தரவாதம் தந்தால், அங்கே பிள்ளை என்ன படிக்கும் என்று யோசியுங்கள். பல்கலைக்கழகத்தில் முதல் மாதமே கட்டுரை எழுதச் சொல்வார்கள். அந்த 95 அங்கே எழுதித் தராது. பொதுப் பள்ளிகளிலேயே கோடை வகுப்பு, இரவு வகுப்பு, இணையவழி வகுப்பு எல்லாம் இருக்கின்றன. என் மகன் அப்படித்தான் வந்தான்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் ஒதுக்கி, இந்தக் குறியீடுகள் என்ன, எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதைத் தமிழில் போடுங்கள். நகை விளம்பரத்துக்குப் பக்கத்தில் போட்டாலும் சரி, சனம் வெட்டி வைத்துக்கொள்ளும். பள்ளிச் சபைகளும் இந்தப் பாடத் தெரிவுப் படிவத்தின் விளக்கத்தைத் தமிழில் தரவேண்டும் என்று நாங்கள் கேட்போம். தேர்தல் காலத்தில் தமிழில் துண்டுப் பிரசுரம் தர முடிந்தவர்களுக்கு இது கடினமான வேலை இல்லை. பெற்றோர், ஆங்கிலம் வராது என்ற கூச்சத்தால் கைடன்ஸ் ரீச்சரைப் பார்க்கப் போகாமல் இருக்கவேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். 'பி' என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். என்ன உதவி கிடைத்தால் பிள்ளை 'டி' எடுக்கலாம் என்றும் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெறாமகளை மேசையில் இருத்தி, ஒரு தாளில் இரண்டு கோடு கீறி, எது எங்கே போகிறது என்று காட்டினேன். தமையனும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். அவளுக்குச் சித்திரம் கீறுவதிலும் கட்டடங்களிலும் விருப்பம். கட்டடக் கலை படிக்க எது வேண்டும் என்று தானே தேடிப் பார்த்தாள். பிறகு 'பி'யை எடுத்துவிட்டு 'டி' போட்டாள். தங்கை அதை வாசித்துவிட்டுத்தான் ஓம் போட்டாள்.

வருகிற இரண்டு சனிக்கிழமையும் எனக்கு வேலை இல்லை. ஏதாவது ஒரு நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசை தந்தால், படிவத்தோடு வரும் பெற்றோருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தர வருகிறேன். மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ